அதுக்கு யாரு சோறு போட்டா?

கல்கத்தாவின் காளிகாட் பகுதியில் என் வீட்டுக் கூடத்தில், ஜன்னலை ஒட்டிய சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. கெட்டியான காகிதத்தில் கறுப்பு மையால் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தது. இடப்பக்கத்தில் ஒரு பெரிய மிருகம் மரத்தடியில் படுத்துக் கிடக்கிறது. தலையைத் தரையில் வைத்திருக்கிறது. வால் பின்னால் நீண்டு கிடக்கிறது. ஒரு கால் மட்டும் மடங்காமல் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. படத்தின் வலப்பாதியில் ஒன்றும் இல்லை, வெறும் காகிதம். வீட்டுக்கு வருகிறவர்கள் இதைப் பற்றி ஏதாவது சொல்லாமல் போவதில்லை. உடும்பா என்று கேட்டவர்கள் உண்டு. ஏன் பாதியில் விட்டுவிட்டீர்கள், உடம்பு சரியில்லையா என்று விசாரித்தவர்களும் உண்டு. கீழ்வீட்டு வங்காளி அம்மாள், நான் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிறவர், ஒருமுறை, இவ்வளவு துக்கமான பிராணியைச் சாப்பிடுகிற இடத்தில் மாட்டி வைப்பார்களா என்று என்னைக் கோபித்துக்கொண்டார். அவர் ஒருவர்தான் அதைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அது ஒரு டைனோசர், இரையடித்துத் தின்னும் வகையில் பெரியது. வரைந்தது நான். வரையச் சொன்னவர் எங்கள் சார்.

எழுபதுகளின் நடுவில் கல்கத்தாவில் ஒரு நிலவியல் அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்தேன். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊர்தான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம். எனக்கு வரையத் தெரியும், வாய் கொஞ்சம் நீளம், ராட்சதப் பல்லிகளிடம் எந்தப் பிரியமும் கிடையாது. சார் திருநெல்வேலிக்காரர், மாற்றலாகி வந்து அப்படியே தங்கிவிட்டவர். புதைபடிவப் பிரிவில் அவர் அறை வராந்தாவின் கடைசியில் இருந்தது. எலும்புப் பெட்டிகளுக்கு நடுவே, எந்நேரமும் யாரோ இறந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருப்பார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வரைவுப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. எலும்பு உடைந்திருந்தால் படத்தில் ஒட்டிவிடுவோம். நசுங்கியிருந்தால் நிமிர்த்திவிடுவோம். பாறைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிட்டு வரைவோம். பெண் பார்க்க அனுப்பும் போட்டோவில் ஸ்டூடியோக்காரர் முகத்துத் தழும்பை எடுத்துவிடுவாரே, அது மாதிரி. அப்படி வரைவதுதான் சுத்தமான வேலை என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். சார் என்னிடம் முதலில் கொடுத்தது ஒரு கீழ்க்கால் எலும்பு. முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளில் மெல்லியது. மெல்லியது என்றாலும் என் கை நீளத்துக்கு மேல் இருக்கும். நர்மதைப் பக்கத்துக் குன்றுகளில் வெள்ளைக்காரர் காலத்தில் தோண்டியெடுத்து, ஓரிரு தடவை வரைந்ததோடு சரி, பிறகு யாரும் திரும்பிப் பார்க்காமல் பெட்டியில் கிடந்தது. அதன் நடுவில் கரணைக் கிழங்குபோல ஒரு புடைப்பு. நான் அதை விட்டுவிட்டு, வழவழவென்று நேரான ஓர் எலும்பை வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு முன்னால் அதை வரைந்தவர்களும் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

புடைப்பு எங்கே என்று கேட்டார். அது கல்லு சார், அதனால் விட்டுவிட்டேன் என்றேன். அவர் படத்தையும் எலும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஊசியை எடுத்து அந்தப் புடைப்பைச் சுரண்ட ஆரம்பித்தார். அந்த வாரம் முழுக்கச் சுரண்டினார். கல் என்றால் உதிர்ந்திருக்கும். அது உதிரவில்லை, ஏனென்றால் அதுவும் எலும்புதான். உயிரோடு இருக்கும்போது உடைந்து, கோணலாகச் சேர்ந்து, சேர்ந்த இடத்தில் தடித்துப்போன எலும்பு. இத்தனை காலமும் வரைந்தவர்கள் எல்லோரும் சுத்தமாக வரைகிறோம் என்று அந்த மிருகத்துக்கு நடந்த ஒரே முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டிருந்தோம்.

அது ஏன் முக்கியம் என்று அவர் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நாலு கால் பிராணி ஒரு காலை இழந்தால் மூன்று காலால் நொண்டிப் பிழைக்கும். இது இரண்டு காலில் நடப்பது, யானை கனம் இருக்கும். முன்கைகளோ ஊன்றிக்கொள்ளக்கூட உதவாத சிறிய கைகள். பக்கத்து எலும்பு தடித்தது, அது உடையாமல் தப்பை கட்டியதுபோலத் தாங்கியிருக்கும். அதனால் எலும்பு சேர்ந்ததில் அதிசயம் இல்லை. சேரும்வரை, மாதக்கணக்கில், ஓடிப்போய் இரை பிடிக்க முடியாமல் அது எப்படி உயிரோடு இருந்தது என்பதுதான் கேள்வி.

சார் பழைய கட்சிக்காரர். அந்த மிருகங்கள் முதலையைப்போலக் குளிர்ந்த ரத்தம் உள்ளவை, மந்தமானவை, வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தவை, தனியே திரிந்தவை என்றுதான் அவர் படித்திருந்தார். குளிர்ந்த ரத்தம் என்றால் விடை சுலபம். உடம்பு சூட்டைக் காப்பாற்ற அதற்குச் சாப்பாடு வேண்டியதில்லை. பட்டினியாகவே கிடந்து ஆற்றிக்கொண்டு எழுந்திருக்கும். சனிக்கிழமை மத்தியானம் அலிப்பூர் மிருகக்காட்சி சாலைக்குப் போவார். குளிர்காலத்தில் முதலை போட்ட மீனைத் தொடாமல் வாரக்கணக்கில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். அங்கே ஒரு நொண்டிப் புலியும் இருந்தது. இது காட்டில் இருந்திருந்தால் எப்போதோ செத்திருக்கும், இங்கே ஆள் வைத்துப் போடுவதால் இருக்கிறது என்றார். முதலையா புலியா என்பதுதான் அந்த வருடம் முழுக்க அவர் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாளில் மின்வெட்டு இல்லாத மாலை கல்கத்தாவில் கிடையாது. அப்படி ஒரு மாலையில் சாரின் மனைவி இருட்டில் மாடிப்படியில் தவறி விழுந்தார். தொடை எலும்பு இடுப்புக்குச் சற்றுக் கீழே உடைந்துவிட்டது. ஏற்கெனவே சர்க்கரை வியாதி, அறுவை சிகிச்சை வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டிலேயே கட்டிலில் கிடத்தி, காலில் கயிறு கட்டி, கட்டிலுக்கு அப்பால் செங்கற்களைத் தொங்கவிட்டு இழுத்துக் கட்டினார்கள். சேர்ந்தால் சேரும் என்றார் டாக்டர். அதைவிட, அசையாமல் படுத்திருப்பதால் வரும் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும்தான் பயம் என்று வாசலில் நின்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். சாரிடமும் சொல்லியிருப்பார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஊரிலிருந்து வந்து தங்க யாரும் இல்லை. சமையலறையில் தண்ணீர் டம்ளர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத சார், சமைக்கக் கற்றுக்கொண்டார். முதல் வாரம் அவர் வைத்த ரசத்தை நான் குடித்துப் பார்த்தேன், அதைப்பற்றி எழுதினால் அவர் ஆத்மா சாந்தியடையாது. புண் வராமல் இருக்க வேளைக்கு ஒருதரம் முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுவிடுவார். மின்விசிறி நின்றால் பனையோலை விசிறியால் வீசுவார். அலுவலகத்துக்கு அரைநாள்தான் வருவார். மிச்ச வேலையை வீட்டில் பார்க்க வேண்டியிருந்ததால், படங்களை எடுத்துக்கொண்டு நான் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அம்மையாரை மேடம் என்று கூப்பிட்டேன். மேடமாவது மண்ணாவது, அத்தைன்னு கூப்பிடுட்டி என்று முதல் நாளே திட்டு வாங்கினேன்.

அத்தைக்குக் கால்தான் ஓடவில்லை, வாய் நன்றாக ஓடியது. காலில் செங்கல் தொங்க, சுவரில் சாய்த்து வைத்த என் படத்தைப் பார்த்துக்கொண்டே, எங்கள் இருவரையும் குறுக்கு விசாரணை செய்வார். எலும்பு சேர்ந்த கதையைச் சொன்னபோது, எத்தனை கோடி வருடம் என்று கேட்கவில்லை, எவ்வளவு பெரிசு என்று கேட்கவில்லை. எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். அவர் கேட்டது வேறு.

"ஏட்டி, காலு ஒடிஞ்சு கெடந்துச்சே, அதுக்கு யாரு சோறு போட்டா?"

சார் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். முதலையின் கதையைச் சொன்னார், சாப்பாடு இல்லாமலே அது பிழைத்திருக்கலாம் என்றார். அத்தை அவர் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். அப்படின்னா இதைக் கொண்டுபோய் வச்சுட்டு வாங்க, நானும் அப்படியே கெடந்து பிழைச்சுக்கிடுதேன் என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். சார் முகம் வாடிவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து அவர் கட்சி மாறினார் என்று சொன்னால் விஞ்ஞானம் தெரிந்தவர்கள் என்னை அடிக்க வருவார்கள். ஆனால் நான் பார்த்தது அதுதான்.

காரணம் இல்லாமல் மாறுகிற ஆள் இல்லை அவர். அதே பெட்டியில் கிடந்த இன்னொரு எலும்பிலிருந்து கண்ணாடிபோல ஒரு மெல்லிய வில்லையை அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எலும்பு முழுக்கத் துளைகள், ரத்தக் குழாய்கள் ஓடிய தடம். முதலை எலும்பில் மரத்தின் வளையங்கள் மாதிரி கோடுகள் இருக்கும், இவ்வளவு துளை இருக்காது. மாட்டு எலும்பில் இருக்கும். வேகமாக வளர்கிற, சூடான ரத்தம் ஓடுகிற உடம்பில் இருக்கும். வெளிநாட்டுச் சஞ்சிகைகள் கப்பலில் மெதுவாக வந்து சேர்ந்தபோது, அங்கேயும் சிலர் இதையே சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வால் தரையில் படாது, உடம்புக்குச் சமமாகப் பின்னால் நீட்டிக்கொண்டு போகும், அவை மந்தமானவை அல்ல, ஒருவேளை சேர்ந்தே திரிந்திருக்கலாம் என்றெல்லாம். சூடான ரத்தம் என்றால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்க முடியாது. செத்துக் கிடந்ததைத் தின்று பிழைத்திருக்கலாம். இல்லையென்றால் வேறொன்று அடித்த இரையில் அதற்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது சார் குரல் இறங்கிவிடும், அலுவலகத்தில் யாராவது கேட்டுவிடுவார்கள் என்பதுபோல.

அப்போதுதான் இந்தப் படத்தை வரையச் சொன்னார். வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் வழக்கமான பூதம் வேண்டாம், படுத்திருக்கட்டும் என்றார். அதை இடப்பக்கம் போட்டுவிட்டு வலப்பக்கத்தைக் காலியாக வை, பிறகு பார்க்கலாம் என்றார். என்ன பார்க்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. மை காய்ந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சார் மருந்து வாங்கப் போயிருந்தார். அத்தை படத்தை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். அப்போதே உடம்பு இளைத்து, வளையல் முழங்கைவரை ஏறி இறங்க ஆரம்பித்திருந்தது. இது பாவம் ஒத்தையில கெடக்குலா, இந்தப் பக்கம் ஒண்ணை வரஞ்சு விடுட்டி என்றார். சார் திட்டுவார் என்றேன். திட்டினால் நான் பார்த்துக்கிடுதேன் என்றார். என்னிடம் கெட்டிப் பென்சில்தான் இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலப்பாதியில் தூரத்திலிருந்து வரும் இன்னொன்றைக் கோடாக வரைந்தேன். தலையைத் தாழ்த்தி, வாலை நீட்டி, நடந்து வருவதுபோல. வாயில் என்னத்தைக் கவ்வியிருக்கட்டும், ஆட்டுக்காலா மாட்டுக்காலா என்று கேட்டேன். அத்தைக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

"சோறுதான். வேற என்னத்தக் கொண்டாரும்?"

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சார் வந்துவிட்டார். படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். வாயில் என்ன என்று கேட்டார். சோறு என்று நான் சொன்னேன். அப்போதுதான் சிரித்தார். சத்தமே வராத, தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. அழிக்கச் சொல்லவில்லை. படத்தை அத்தை பார்க்கும்படி அலமாரிமேல் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார். அதற்குப் பிறகு அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையில், இந்த மிருகங்கள் அடிபட்ட தம் இனத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடும் என்று ஒரு பத்தி சேர்ந்தது. அத்தையிடம் படித்துக் காட்டினார். அந்தக் குளிர்காலத்தை அந்த வீட்டின் நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெயில் வந்ததும் முதுகில் புண் வந்தது. எவ்வளவு துடைத்தும் வந்தது. சர்க்கரை உடம்பில் அது ஆறவில்லை. மழை ஆரம்பித்தபோது காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, பிறகு விடவே இல்லை. அத்தை பேசுவது குறைந்தது. சார் ஊட்டுவதை வாயில் வாங்கி, விழுங்காமல் வைத்துக்கொண்டிருப்பார். சார் முழுங்குளா, முழுங்குளா என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதை அறைக்கு வெளியே நின்று கேட்பது எனக்குத் தாங்கவில்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு காலையில் அத்தை இறந்துபோனார். பாடையைத் தண்ணீரில் நடந்துதான் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களவர்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, நான் வாசல் படியில் நின்றேன். அன்றைக்குச் செங்கற்கள் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தேன், யாரோ காலிலிருந்து அவிழ்த்துத் தரையில் போட்டிருந்தார்கள்.

காரியங்கள் முடிந்து சார் அலுவலகத்துக்கு வந்தார். மொட்டைத் தலையோடு அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார், அதனால் பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அச்சுக்குப் போக வேண்டும், படத்தை எடுத்து வா என்றார். கொண்டுபோய் வைத்தேன். வலப்பக்கம் இருக்கிறதை அழித்துவிடு என்றார். நான் அசையவில்லை. அத்தை வரையச் சொன்னது சார் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். அவர் அறையில் நான் உட்கார்ந்தது அந்த ஒருமுறைதான். தகனத்துக்கு மறுநாள் சுடலைக்கு எலும்பு பொறுக்கப் போனதைச் சொன்னார். சாம்பலில் பால் தெளித்து, காலிலிருந்து தலைவரை ஒவ்வொன்றாக எடுத்துக் கலயத்தில் போட வேண்டும். மற்றவர்கள் எலும்பு என்று எடுப்பதை இவர் இன்ன எலும்பு என்று தெரிந்துதான் எடுத்திருப்பார், அவர் தொழில் அது.

"தொடை எலும்பு கெடைச்சுதும்மா. கையில எடுத்துப் பார்த்தேன். கூடியிருந்துச்சு."

கோணலாகத்தான், ஆனால் நன்றாகக் கூடி, கூடிய இடத்தில் புடைப்பு வைத்திருந்தது என்றார். தன் மேஜைமேல் இருந்த அந்தப் பழைய எலும்பின் புடைப்பைத் தொட்டு, இதே மாதிரி என்றார். எலும்பு கூடிவிட்டது, அத்தைதான் இல்லை. சார் அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே டிராம் போவதைப் பார்த்துக்கொண்டு, வேறு யாரோ ஒருவரின் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ரொம்பக் காலம் கழிச்சு அந்த எலும்பை எவனாச்சும் எடுத்துப் பார்த்தா, ஒடிஞ்சது, கூடுனதுன்னு எழுதுவான். சோறு போட்டது யாருன்னு அதுல எங்க இருக்கு? அழிச்சிரும்மா. எலும்புல இல்லாதத நாம போடக் கூடாது."

அழித்தேன். அவர் முன்னாலேயே, அவருடைய ரப்பரை வாங்கி அழித்தேன். துகள்களை அவரே கையால் தட்டிவிட்டார். கட்டுரையிலிருந்து அந்தப் பத்தியும் போயிற்று. அந்த மிருகம் எப்படிப் பிழைத்தது என்பது தெரியவில்லை என்ற ஒரு வரி மட்டும் அச்சில் வந்தது. அந்த வரியைப் படிக்கிற யாருக்கும் அதில் ஒரு வீடு இருப்பது தெரியாது. ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது, மூலப் படத்தைத் தான் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். ஹவுராவில் ரயில் ஏற்றிவிடப் போனேன். தனியாக உட்கார்ந்து ஒரு பொட்டலம் புளியோதரையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், அவரே கிளறியது. சில வருடங்களில் அவரும் போய்விட்டார் என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்தது.

இப்போது என் காலடியில் நிலத்துக்குள் மெட்ரோ ஓடுகிறது. நானும் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் வயதுக்கு வந்துவிட்டேன். அந்த மிருகங்களைப் பற்றி நிறையத் தெரிந்துவிட்டதாகப் பேப்பரில் படிக்கிறேன். வால் தரையில் படவில்லை என்பது முடிவாகிவிட்டது. அவற்றில் சிலவற்றுக்கு இறகு இருந்ததாம், சில கூடு கட்டி முட்டைமேல் உட்கார்ந்தனவாம். உடைந்து கூடிய எலும்புகள் உலகம் முழுக்கக் கிடைத்திருக்கின்றன. தனியே பிழைத்ததா, கூட யாராவது இருந்தார்களா என்று இன்னும் சண்டைதான் போடுகிறார்கள். சார் சொன்னது சரி, எலும்பில் அது இல்லை. ஆனால் அவர் சொன்னதற்காக நான் அத்தை வீட்டு அடுப்படியை மறந்துவிட முடியுமா? யாரும் எழுதி வைக்காததால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. இதை அன்றைக்கே அவரிடம் சொல்லத் தோன்றவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

கெட்டிப் பென்சிலில் ஒரு குணம் உண்டு. ஈயம் போனாலும் காகிதத்தில் அது விழுத்திய பள்ளம் போகாது, எந்த ரப்பராலும் எடுக்க முடியாது. சாருக்கும் அது தெரிந்திருக்கும். மார்கழியில் வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாகச் சுவரில் படும்போது, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் நான் எதிரே உட்கார்ந்துவிடுவேன். அந்த வெறும் பாதியில் மெல்ல ஒரு கோடு தெரியும், பிறகு இன்னொரு கோடு. தலையைத் தாழ்த்திக்கொண்டு, வாலை நீட்டிக்கொண்டு, தூரத்திலிருந்து அது வந்துகொண்டிருக்கும். வாயில் கவ்வியிருப்பது சோறு. அத்தை அப்படித்தான் சொன்னார்.